பிரேக் பிடிக்கல

“பிரேக் பிடிக்கல சார்” என்று தசரதன் சொன்னபோது அவனுக்குப் பார்வை இன்னும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. எதிரே நிற்பது ஃபோர்மேன் என்பதைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டான். நாக்கு தடித்துக் கிடந்தது. முதுகெல்லாம் வேர்வை. சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்பது அவன் காதிலேயே விழுந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆடி மாதம். கேஜிஎஃப்பில், ஊரிகம் பக்கத்துத் தங்கச் சுரங்கம் ஒன்றில் தசரதன் வைண்டிங் டிரைவர். பூமிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை அங்கே எல்லாரும் கேஜ் என்பார்கள். அந்தக் கேஜ் தொங்குகிற இரும்புக் கயிற்றைச் சுற்றியும் விட்டும் இழுக்கிற பெரிய இயந்திரத்தை ஓட்டுவது அவன் வேலை. அவன் மேலே இன்ஜின் ஹவுஸில் உட்கார்ந்திருப்பான். கீழே போகிறவர்களின் முகம் அவனுக்குத் தெரியாது. மணி அடிக்கும், மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். பிறகு எதிரே இருக்கும் டயலில் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே போய், எந்த லெவலில் நிற்க வேண்டுமோ அங்கே ஒரு சாண் பிசகாமல் நிறுத்துவான். பதினோரு வருஷமாக நிறுத்தியிருக்கிறான். “தசரதன் ஷிப்ட்டுன்னா கேஜ்ல நின்னுக்கினே தூங்கலாம்பா” என்று ஆட்கள் பேசிக்கொள்வது அவன் காதுக்கும் வந்திருக்கிறது. அதைக் கேட்டும் கேளாதவன்போல் இருந்துவிடுவான். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு ஒரு பிடி கூடவே இறங்கும்.

அன்று இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் பதினாலு பேரை இறக்கிக்கொண்டிருந்தான். கூட இருக்கும் ஆள் எண்ணெய் டப்பா எடுக்கப் பின்பக்கம் போயிருந்தான். கை துடைக்கிற பஞ்சு காலடியில் விழுந்தது. வலது கையை லீவரில் வைத்தபடியே குனிந்து எடுத்து நிமிர்ந்தான். நெஞ்சுக்குள் ஏதோ வந்து அடைத்துக்கொண்டது. டயல் கறுத்துப் போயிற்று. அவ்வளவுதான் அவனுக்கு நினைவு.

கண் திறந்தபோது இருக்கைக்கும் லீவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தான். இயந்திரம் நின்றிருந்தது. அவன் நிறுத்தவில்லை. வேகம் மீறினால் தானாகவே விழுகிற ஆபத்து பிரேக் தனியாக ஒன்று உண்டு, அது விழுந்திருந்தது. கேஜ் தன் லெவலைத் தாண்டிப் போய், கயிறு துள்ள, அந்தரத்தில் உதறிக்கொண்டு நின்றது. உள்ளே ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததில் பலருக்குச் சிராய்ப்பு. ஏனோக் என்பவனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே முறிந்துவிட்டது. அடியில் போய் மோதியிருந்தால் பதினாலு பேரில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

தசரதன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். அவன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அப்போதுதான் ஃபோர்மேன் ஓடிவந்து கேட்டார். அவன் அந்த இரண்டு சொற்களைச் சொன்னான்.

மயக்கம் வந்தது அது முதல் தடவையும் அல்ல. பங்குனியில் ஒருநாள் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வைகாசியில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் குத்துக்காலிட்டுக் கத்திரிக்காய் பொறுக்கிவிட்டு எழுந்தவன் கடைக்காரியின் கூடைமேலேயே சாய்ந்தான். வெயில் என்றார்கள், பித்தம் என்றார்கள். நடந்தால் மூச்சு வாங்கியது, படுத்தால் சரியாகிவிட்டது. இதில் ஒன்றையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. மயக்கம் வருகிற ஆளை அந்த நாற்காலியில் ஒருநாள்கூட உட்கார வைக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

பிரேக் பிடிக்கவில்லை என்றால் பிரேக்கைப் பார்த்தவன் யார்? அதற்கு முந்தின நாள்தான் புது லைனிங் போட்டு முடுக்கியிருந்தான் ஃபிட்டர் முனிரத்தினம். கழற்றிப் பார்த்ததில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. கேஜ் உதறிய உதறலில் தளர்ந்ததா, முன்பே தளர்ந்திருந்ததா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று முனிரத்தினத்துக்குத் தாள் கொடுத்துவிட்டார்கள்.

சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைகளை அங்கே லைன் என்பார்கள்; முனிரத்தினம் அவர்கள் லைனுக்கு அடுத்த லைனில் இருப்பவன். தசரதனைவிட எட்டு வயசு சின்னவன். அவன் பெண்சாதி தாயம்மாவும் தசரதனின் மனைவி பார்வதம்மாவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். தாள் வந்த மறுநாள் காலை முனிரத்தினம் தசரதன் வீட்டு வாசலில் வந்து நின்றான். சண்டை போட வந்திருக்கிறான் என்றுதான் தசரதன் நினைத்தான்.

“ண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். லீவரை இழுத்தது நீங்கதான. கைக்கு எப்படி இருந்துச்சு? மொதல்லயே வழுக்கிக்கினு போச்சா, இல்ல பிடிச்சி வுட்டுச்சா?”

தசரதன் அவன் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி, “வழுக்கிச்சு” என்றான்.

முனிரத்தினம் வலது கை விரல்களை மடக்கி, இல்லாத ஸ்பேனரைத் திருகுவதுபோல ஒருமுறை திருகிப் பார்த்துக்கொண்டான். “நாலு போல்ட்டும் முடுக்கினேன்னுதான் நெனப்பு. இப்ப அந்த நாலாவத முடுக்குனனா இல்லியான்னு எனக்கே சந்தேகமா கீதுண்ணா. படுத்தா அதான் வருது. கை போவுது, போல்ட்டாண்ட போவுது, அப்பால இன்னா பண்ணுச்சுன்னு தெரியல.”

“வுடு முனிரத்தினம். விசாரணைல பாத்துக்கலாம்.”

“விசாரணைக்கு இல்லண்ணா. ஏனோக்குக் கால் போச்சே. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டிலாண்ட நின்னேன். ‘மன்னிச்சிருடா’ன்னேன். அவன் மொகத்தைத் திருப்பிக்கினான்.”

அவன் போன பிறகு தசரதன் வெகுநேரம் வாசலிலேயே நின்றான். கூப்பிட்டுச் சொல்லிவிட ஒரு நொடி போதும். தெரு முனையில் முனிரத்தினத்தின் சட்டை மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை.

பிரேக்கை மாற்றிய பிறகு இன்ஜின் மறுபடியும் ஓடியது. தசரதனும் ஓட்டினான். குனிவதே இல்லை, கீழே எது விழுந்தாலும் விட்டுவிடுவான். மணி மூன்று தடவை அடிக்கும்போதெல்லாம் லீவரை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். ஷிப்ட் முடிந்து இறங்குகிறபோது படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விடுவான். அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் பின்னாளில் அவனுக்கு உடம்பு கூசும். முதல் தடவை நடந்தது தெரியாமல் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தெரிந்தே போய் உட்கார்ந்தான்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயடியில் குடத்தைத் தூக்கி நிமிர்ந்தவன் அப்படியே சாய்ந்தான். பார்வதம்மா ஓடிவந்து தலையைத் தாங்கினாள். உதடு நீலமாக இருந்தது. படுக்க வைத்ததும் நிறம் திரும்பியது. பித்தம் என்று அவன் தொடங்கியதை அவள் காதில் வாங்கவே இல்லை.

“பித்தம் வந்தா ஒதடு நீலமாவுமா? எங்கப்பாவுக்கு மாரடச்சப்போ இப்படித்தான் இருந்துச்சு. நட ஆஸ்பத்திரிக்கு.”

சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். அதில் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் படுக்கச் சொன்னார், எழுந்து உட்காரச் சொன்னார், மறுபடியும் படுக்கச் சொன்னார். “படுத்தா ஒரு சத்தம், உட்கார்ந்தா வேற சத்தம். எனக்கு இது புரியலப்பா” என்று வெளிப்படையாகவே சொன்னார். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது, சத்தத்தை அனுப்பி இதயத்தைப் பார்க்கும், அதற்கு எக்கோ என்று பெயர் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். “வேலைல எப்பவாவது மயங்கினியா?” என்று கேட்டதற்குத் தசரதன் இல்லை என்று தலையாட்டினான். மெடிக்கல் லீவு போடச் சொன்னார்.

லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நெஞ்சில் கரண்ட் விடுவார்கள் என்றாள் ஒருத்தி. தொடையில் குழாய் விட்டு இதயம்வரைக்கும் ஏற்றுவார்கள், தன் மச்சானுக்கு அப்படித்தான் செய்தார்கள் என்றான் இன்னொருவன். தாயம்மாவும் வந்தாள். புருஷன் வேலையில்லாமல் வீட்டில் கிடக்க, அவள் இங்கே வந்து பார்வதம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. மாரியம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கேன்” என்றாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த தசரதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பரிசோதனையில் வலிக்குமோ என்பதைவிட அவனை வேறொரு பயம் அரித்தது. மயக்கம் வருகிறவன் என்பதை அந்த மெஷின் காட்டிவிட்டால், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டால், எங்கெங்கே என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று அது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனம். என்ன என்று தெரிந்து தொலைந்தால் போதும் என்று இன்னொரு மனம்.

காலை ரயிலில் கிளம்பினார்கள். பங்காரப்பேட்டையில் பார்வதம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. வெறும் வயிற்றோடுதான் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் பட்டினி கிடக்க, அவளும் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் பதினொரு மணிக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். அவனை மட்டும் உள்ளே விட்டார்கள். சின்ன அறை, ஜன்னலில் கறுப்புத் திரை, ஒரு கட்டில். கட்டில் பக்கத்தில் சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதில் பச்சையாக ஒரு கோடு. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி, நாற்பது வயசு இருக்கும், சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கேஜிஎஃப்பா? நான் ராபர்ட்சன்பேட்டைதான். பேரு ஃப்ளோரா. சட்டையைக் கழட்டிட்டு ஏறிப் படுங்க. காலைல இன்னா சாப்ட்டீங்க?”

“ஒண்ணும் சாப்பிடலம்மா. சாப்பிடக் கூடாதுன்னாங்க.”

“யாரு சொன்னது? இதுக்குப் பட்டினியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாவம், அங்கேந்து வெறும் வயித்தோடயா வந்தீங்க?” அவள் சிரித்தாள். அவன் கண் அந்தப் பெட்டியின் பின்னால் தொங்கிய வயர்கள்மேலேயே இருந்ததைக் கவனித்தாள். “கரண்ட் வெப்பாங்கன்னு பயமா? இங்க வர்ற பத்துல எட்டுப் பேர் அதைத்தான் கேக்கறாங்க. இதோ பாருங்க.”

தடிப் பேனா அளவில் இருந்த ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையிலேயே அழுத்திக் காட்டினாள். “இதுலேந்து சத்தம் போவும். நம்ம காதுக்குக் கேக்காது. உள்ள போய் இதயத்துல பட்டுத் திரும்பி வரும். வர்றத இந்த மெஷின் கோடா போட்டுக் காட்டும். ஊசி கிடையாது, குழாய் கிடையாது. நெஞ்சுல கொஞ்சம் ஜெல்லி தடவுவேன், அது சில்லுன்னு இருக்கும். அழுத்திப் பிடிப்பேன், வெலா எலும்புல கொஞ்சம் உறுத்தும். அரைமணி நேரம். முடிஞ்சதும் எழுந்து வீட்டுக்குப் போலாம்.”

மணிக்கட்டிலும் காலிலும் ஈ.சி.ஜி.க்குக் கட்டுவதுபோல் வயர் மாட்டினாள். அவனை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். ஜெல்லி உண்மையிலேயே சில்லென்று இருந்தது. உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பேனாவை விலா எலும்புகளின் இடுக்கில் வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்தாள். கண்ணாடியில் பச்சைக் கோடுகள் மேலும் கீழுமாக அலைந்தன.

“மூச்சை இழுங்க. விடுங்க. இன்னும் விடுங்க... அப்படியே பிடிங்க. ம், போதும்.”

வலி இல்லை. அந்த இருட்டும் அவள் குரலும் பழக்கமாகிவிட்ட பிறகு தசரதனுக்குப் பயம் கொஞ்சம் தணிந்தது. அவள் வேலையோடு வேலையாகப் பேசிக்கொண்டே இருந்தாள். எந்த லைன், எத்தனை பிள்ளைகள், மார்க்கெட் பக்கம் புது பஸ் ஸ்டாண்ட் வேலை எந்த மட்டில் இருக்கிறது. ரெண்டு பிள்ளைகள், பெரியவள் ஒன்பதாவது என்று அவனும் சொன்னான். கண்ணாடியில் ஒரு கோடு இங்கிலீஷ் எம் எழுத்துப்போலத் திறந்து திறந்து மூடியது. “அதோ, அதான் உங்க வால்வு. எல்லாருக்கும் இருக்கற கதவு” என்றாள்.

பிறகு அவள் பேச்சு நின்றது.

பேனாவை எடுத்து, ஜெல்லி இன்னும் கொஞ்சம் போட்டு, அதே இடத்தில் வைத்தாள். ஒரு குமிழைத் திருகினாள். மறுபடியும் திருகினாள். அந்த எம்முக்குக் கீழே வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், கதவு திறக்கிற போதெல்லாம் புகைமூட்டம்போல ஒன்று வந்து அடைத்துக்கொண்டது, மூடினால் விலகியது. அவள் பெட்டியின் ஒரு பொத்தானை அழுத்தினாள். நீளமாகக் காகிதம் ஓடி வந்து தரையில் சுருண்டது.

பதினோரு வருஷம் டயலைப் பார்த்தவன் அவன். அந்தக் கோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும், பார்க்கிறவளின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

“இன்னாம்மா?”

“கொஞ்சம் இருங்க. டாக்டரைக் கூட்டியாறேன். எழுந்திரிக்காதீங்க. அப்படியே படுத்திருங்க.” அந்தக் கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் சிவப்பிரகாசம் இளவயசுக்காரர். வந்தவர் பேனாவைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். காகிதத்தைத் தரையிலிருந்து எடுத்து விளக்கு வெளிச்சத்தில் முழம் முழமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு வெளியே காத்திருந்த பார்வதம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னார். ஜெல்லி துடைக்கிற துண்டை ஃப்ளோரா அவளிடமே கொடுத்தாள்.

“உங்க இதயத்துல இடது மேல் அறையில ஒரு கட்டி இருக்கு” என்றார் டாக்டர் நேராக. “புற்றுநோய்னு பயப்படாதீங்க. பெரும்பாலும் அது அந்த ஜாதி இல்ல. கொழகொழன்னு, காம்புல தொங்கற மாதிரி தொங்கிட்டிருக்கு. ரத்தம் கீழ எறங்கற வழியில வால்வு இருக்குல்ல, ஒவ்வொரு துடிப்புக்கும் இது அதுக்குள்ள வந்து விழுது. நீங்க படுத்தா கொஞ்சம் ஒதுங்கும். நிமிர்ந்தா சரியா போய் அடைக்கும். அப்போ மூளைக்கு ரத்தம் போகாது. கண்ணு இருட்டும். உண்டுதானே?”

தசரதன் மெல்லத் தலையசைத்தான்.

“இதை எடுத்துட்டா சரியாயிடும். ஆனா நெஞ்சைத் திறந்து பண்ற ஆபரேஷன். வேலூர்ல பண்ணுவாங்க, நான் எழுதித் தரேன். தள்ளிப் போடக் கூடாது. அதுவரைக்கும் வண்டி, மெஷின் எதையும் தொடக் கூடாது. சரி, மயக்கம் கடைசியா எப்போ வந்துச்சு?”

“பதினஞ்சு நாளாச்சு. கொழாயாண்ட.”

“அதுக்கு முன்னாடி?”

பார்வதம்மா அவன் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தசரதன் கூரையைப் பார்த்தான். இப்போதும் மார்க்கெட்டில் என்று சொல்லிவிடலாம், அதுவும் பொய்யல்ல. வாய் திறந்தபோது வந்தது வேறு.

“வேலைல சார்.”

துண்டு நின்றது. “வேலைலயா? எப்போ?” என்றாள் பார்வதம்மா.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளே மனசுக்குள் நாள் கணக்குப் போட்டாள். அவள் குரல் தாழ்ந்துவிட்டது. “ஏனோக்குக் கால் ஒடஞ்ச அன்னிக்கா?”

“ஆமா. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான் இழுக்கவே இல்ல.”

டாக்டருக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கேஜை இறக்குகிறவன் என்று தசரதன் சொல்ல, ஃப்ளோரா அதை அவருக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்கினாள். சுரங்க ஊரில் பிறந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “அம்மாடி” என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். டாக்டர் சட்டைப்பையிலிருந்து எழுதுகிற பேனாவை எடுத்து, வேலூருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வரியையும் சேர்த்தார்: வேலை நேரத்திலும் நினைவு தப்பியிருக்கிறது.

திரும்புகிற ரயிலில் பார்வதம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கடிதமும் சுருட்டிய காகிதமும் அவள் மடியில் இருந்தன. இட்லியை அவனுக்குப் பிரித்துக் கொடுத்தாள், தான் தொடவில்லை. பங்காரப்பேட்டையைத் தாண்டி ரயில் கிளைப் பாதையில் திரும்பியபோது தசரதன்தான் தொடங்கினான்.

“ஆபரேஷன் முடியட்டும் பார்வதி. அப்பால நானே போய்ச் சொல்லிடறேன்.”

“முடியலன்னா?”

அவன் அவளைப் பார்த்தான்.

“நான் அபசகுனமா பேசல. நீ பொழைக்கணும்னு எனக்கு இல்லியா? ஆனா நீ அங்க செத்துட்டா, அந்த முனிரத்தினம் ஆயுசுக்கும் அந்த நாலாவது போல்ட்டை நெனச்சிக்கினே கெடப்பான். தாயம்மா ஒனக்காக வேண்டிக்கினு இருக்கா. நாளைக்குக் கொழாயாண்ட நான் அவ மூஞ்சை எப்படிப் பாக்கறது?” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஊரிகத்தில் இறங்கியதும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. மாலை வெயில் இன்னும் இருந்தது. மெல்ல மெல்ல நடந்து முனிரத்தினம் வீட்டுக்குப் போனான். முனிரத்தினம் வாசலில் உட்கார்ந்து யாருடைய ஸ்டவ்வையோ ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் தள்ளினான்.

“டாக்டர் இன்னா சொன்னாருண்ணா?”

தசரதன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். குனிந்தது, கறுத்தது, ஃபோர்மேன் கேட்டது, தன் வாயில் வந்தது. கட்டியைப் பற்றி ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். அதை முன்னால் வைத்தால் இரக்கம் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது.

முனிரத்தினம் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டது ஒன்றுதான்.

“அப்போ அந்தப் போல்ட்டு?”

“நீ முடுக்கித்தான் இருந்த. அன்னிக்குக் காலைலேந்து நான் பத்துத் தடவ நிறுத்தினேன். கல்லு மாதிரி பிடிச்சுது.”

முனிரத்தினத்தின் முகம் ஒரு கணம் தளர்ந்தது. ஏதோ பாரம் இறங்கியது போலிருந்தது. அடுத்த கணம் அது வேறு முகமாகிவிட்டது.

“நான் வந்து ஒன்னாண்ட கேட்டனேடா. வாசல்ல நின்னு கேட்டனே. வழுக்கிச்சுன்னு சொன்னியே.” அவன் குரல் ஏறியது. தாயம்மா உள்ளிருந்து ஓடிவந்தாள். “ஏனோக்கு கட்டிலாண்ட போய் நின்னேன்டா நானு. அத்தனை பேர் பாக்க, கையக் கூப்பிக்கினு நின்னேன். என் கையையே நான் நம்பல. ஒரு மாசமா ஸ்பேனர் புடிச்சா நடுங்குது, பாரு!”

கையை நீட்டிக் காட்டினான். நடுங்கத்தான் செய்தது. அடிக்க வருகிறானோ என்று தாயம்மா நடுவில் வந்தாள். அவன் அடிக்கவில்லை.

“போயிடு. நாளைக்கு ஆபீஸ்ல இதே மாதிரி சொல்லு. இங்க நிக்காத.”

மறுநாள் காலை பத்து மணிக்குத் தசரதன் மேனேஜர் ஆபீஸில் இருந்தான். டாக்டர் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, தான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னான். கிளார்க் எழுதினார். நடுவில் மேனேஜர் நிறுத்தி, “மயங்கினது தெரிஞ்சும் அப்புறம் ரெண்டு வாரம் ஓட்டினியா?” என்று கேட்டார். “ஓட்டினேன் சார்” என்றான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது அவன் டிரைவர் இல்லை.

முனிரத்தினத்தை அந்த வாரமே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தசரதனுக்கு ஆவணியில் வேலூரில் ஆபரேஷன் நடந்தது. ஆறு மணி நேரம் பார்வதம்மா வராந்தாவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் தாயம்மா நின்றாள். புருஷனிடம் சொல்லாமலே வந்திருந்தாள். எடுத்த கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்ததாக டாக்டர்கள் சொன்னார்கள். நடுமார்பில் நீளமான தழும்போடு தசரதன் பிழைத்து வந்தான். குனியலாம், நிமிரலாம், ஒன்றும் இருட்டவில்லை.

அவன்மேல் ஒழுங்கு விசாரணை நடந்தது. நடந்ததை அவனே வந்து சொன்னான் என்பதற்காக வேலையிலிருந்து நீக்காமல், கீழ்ச்சம்பளத்தில் லேம்ப் ரூமில் போட்டார்கள். சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிற வேலை. அங்கே எல்லா முகமும் தெரியும். சிலர் நலம் விசாரித்துக்கொண்டு வாங்கினார்கள். சிலர் விளக்கை மட்டும் வாங்கினார்கள். கேஜில் அன்று இருந்த பதினாலு பேரில் ஒருவன் மூன்று மாதம்வரை பக்கத்து ஜன்னலில் போய் நின்று வாங்கினான். ஏனோக்குக் கால் கூடிவிட்டது. நடையில் ஒரு சாய்ப்பு தங்கிவிட்டது. ஒருநாள் விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, “நெஞ்சை ரெண்டாப் பொளந்தாங்களாமே. வலிச்சுதா?” என்று கேட்டான். “வலிச்சுது” என்றான் தசரதன். “எனக்கும் வலிச்சுது” என்று சொல்லிவிட்டு ஏனோக் போனான். 

முனிரத்தினம் முகம் கொடுக்கவே இல்லை. லைனில் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். பெண்கள் இரண்டு பேரும் குழாயடியில் பழையபடி ஆகிவிட்டார்கள். ஆண்களுக்கு அது நடக்கவில்லை.

சித்திரையில் லேம்ப் ரூமில் விளக்குகள் தொங்குகிற இரும்புச் சட்டம் ஒன்று ஒருபக்கம் இறங்கிவிட்டது. சரிசெய்ய வந்த ஃபிட்டர் முனிரத்தினம்தான். கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு நேராக வேலையைத் தொடங்கினான். தசரதன் இரண்டடி தள்ளி நின்று, விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தான். அவன் கண் முனிரத்தினத்தின் கைமேலேயே இருந்தது. கை நடுங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் தசரதன் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

கடைசிப் போல்ட்டுக்கு ஒற்றை ஆளால் முடியவில்லை. சட்டம் ஒருபக்கம் வழுக்கிக்கொண்டே வந்தது. முனிரத்தினம் மூன்று தடவை முயன்று பார்த்தான். வாசலில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை.

“அந்தப் பக்கம் தூக்கிப் பிடி” என்றான், சுவரைப் பார்த்தபடி.

தசரதன் இரண்டு கையாலும் பிடித்தான்.